நடை வார்டில் ஒரு கட்டில்

பிரேக் வாத்தியார் என்று சொன்னால்தான் அந்த வட்டாரத்தில் அவரைத் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, இவர் பக்கத்து இருக்கையில் சாய்ந்தபடி கதை அளந்துகொண்டு வருவார். எதிரே லாரி வந்தாலும், நாய் குறுக்கே ஓடினாலும் கதை நிற்காது, கார் நின்றுவிடும். அவர் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. "தைரியமா தப்பு பண்ணுங்க, நிறுத்தறதுக்குத்தான் நான் இருக்கேன்" என்பார்.

வருடக்கணக்காகக் காலைப் பாதி தூக்கியபடியே உட்கார்ந்ததில் அவருடைய இடது முட்டி தேய்ந்துவிட்டது. முதலில் மாடிப்படி பகையானது. பிறகு குளியலறை வாசற்படி. கடைசியில் காரிலிருந்து இறங்குவதற்கே, கற்றுக்கொள்ள வந்த பெண்பிள்ளைகள் கை கொடுக்க வேண்டியதாயிற்று. "எலும்போட எலும்பு உரசுது, மாத்திட வேண்டியதுதான்" என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்.

அதே டாக்டர் அதே மாதத்தில் அதையே இன்னொருவரிடமும் சொன்னார். அவர் வாத்தியாருடைய சகலை. வாத்தியார் அக்காவைக் கட்டியவர், இவர் தங்கையைக் கட்டியவர். பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ஒல்லியாக, விறைப்பாக, வெந்து காய்ந்த நிறத்தில் இருப்பார் என்பதால் வாத்தியார் அவருக்கு ரஸ்க் என்று பெயர் வைத்து, அது பேக்கரி முதலாளி வாய்வரை போய்விட்டது. ஊர் எழுவதற்கு முன்பே மாவைப் பிசைந்து, விடிவதற்குள் முதல் ரொட்டியை இறக்கி, மதியம் பன்னுக்காக மறுபடி அடுப்பு முன் நிற்பது ரஸ்க்கின் பிழைப்பு. சிமெண்ட் தரையில் நின்று நின்றே அவருடைய முட்டி போயிற்று. உட்கார்ந்து கெட்டது ஒரு முட்டி, நின்று கெட்டது ஒரு முட்டி.

"பொண்ணு எடுத்ததும் ஒரே வீடு, முட்டி மாத்தறதும் ஒரே ஆஸ்பத்திரி. நமக்குள்ள என்ன பொருத்தம் பார்த்தியா சகலை!" என்றார் வாத்தியார்.

"முட்டியிலயாவது நல்ல வரனா அமையட்டும் அண்ணே" என்றார் ரஸ்க்.

உள்ளே இருந்து அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே குரலில் "என்ன சொன்னீங்க?" என்று கேட்க, இரண்டு ஆண்களும் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒரே நாளில் இருவருக்கும் அறுவை சிகிச்சை என்று முடிவானதும் அந்த வீட்டுக்காரர்களுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கிறதே.

அந்த ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியில் புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் பலகையில் எழுதியிருந்தது. எல்லோரும் நடை வார்டு என்றே சொன்னார்கள். முட்டி மாற்றியவர்களை அன்றைக்கே எழுப்பி நிற்க வைத்துவிடுவார்களாம். ஆனால் அதற்கு முன்னாலேயே தயார்ப்படுத்த வேண்டும். தொடையை முறுக்கிப் பிடிப்பது எப்படி, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது எப்படி, மூச்சை எப்படி இழுத்து விடுவது, என்ன சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வது என்று பல வாரங்களுக்கு வகுப்பு நடத்துவார்கள். அறுவைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையில்கூட பிசியோ வந்து காலை மடக்கிவிடுவார். வீட்டுக்குப் போன பிறகும் போனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். டாக்டர் ஒருவர்தான், உள்ளே வைக்கும் முட்டியும் ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கும் கவனிப்புதான் வேறு. கட்டில்கள் சொற்பம்.

வாத்தியாருடைய மகள் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் மூன்று தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டாள். அவள்தான் நடை வார்டைப் பற்றி விசாரித்து, அப்பா, சித்தப்பா இரண்டு பேரையும் வகுப்புக்கு வரச்சொல்லி ஏற்பாடு செய்தாள். வகுப்பு வேலைநாளில், முற்பகலில். வாத்தியாருக்குச் சிக்கல் இல்லை. அந்த நேரத்துக்கு அவருக்குப் பதிலாக வேறொருவர் வண்டியில் ஏறிக்கொண்டார். மகள் அரைநாள் விடுப்புப் போட்டு உடன் வந்தாள். ரஸ்க்குக்கு அதுதான் மதியத்து மாவு உப்பி வரும் நேரம். முதலாளியிடம் கேட்டதற்கு, "ஆபரேஷனுக்கு லீவு தரேன் மாஸ்டர், ஆபரேஷனுக்குப் படிக்கறதுக்கும் லீவா?" என்று கேட்டுச் சிரித்தாராம். ரஸ்க்கும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

வகுப்பு எடுத்த சிஸ்டர் கண்டிப்பானவர், ஆனால் சிரித்த முகம். வாத்தியார் முதல் நாளே அவரைச் சிரிக்க வைத்துவிட்டார். "கால் மேல கால் போட்டு உக்காரலாமா சிஸ்டர்?" "கூடாது." "அப்ப பெரிய மனுஷன் ஆக வழியே இல்லையா?" அவ்வளவுதான், வகுப்பு கலகலத்தது. அதற்கப்புறம் சிஸ்டர் எதையும் செய்துகாட்ட வேண்டுமென்றால் "வாத்தியாரே, வாங்க" என்று அவரைத்தான் முன்னால் கூப்பிட்டார்.

கற்றதை வாத்தியார் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்த கையோடு பேக்கரியின் பின்கதவு வழியாகப் போய், மாவு மேஜையைப் பிடித்துக்கொண்டு ரஸ்க்குக்குச் செய்துகாட்டினார். குதிகாலை ஊன்றித் தொடையை இறுக்க வேண்டும். விட வேண்டும். முதுகு வளையாமல் பாதி உட்கார்ந்து எழ வேண்டும். ரஸ்க் கைகளில் மாவோடு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு தட்டு அடுப்புக்குள் போகும்போதும் ஒரு சுற்று என்று அவராகவே கணக்கு வைத்துக்கொண்டார். வாத்தியார் வீட்டில் டிவி பார்க்கும்போது நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிப்போட்ட நாட்கள் உண்டு. ரஸ்க் தள்ளிப்போட்டதில்லை. அது வாத்தியாருக்குத் தெரியும்.

கடைசி வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து பை, குடை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் வாத்தியாரையும் மகளையும் ஓரமாக நிறுத்தினார்.

"வாத்தியாரே, உங்க ஆபரேஷன் அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு கட்டில்தான் காலியா இருக்கு. நீங்களும் உங்க சகலையும் ஒரே நாள். அவரை நான் ரெண்டு தடவை போன்ல கூப்பிட்டேன், எடுக்கல. வகுப்புக்கும் வரல. அவர் எப்படி? சொன்னா செய்யற ஆளா?"

வாத்தியாருக்குப் பதில் தெரியும். அடுப்புச் சத்தத்தில் போன் கேட்காது என்று சொல்லியிருக்கலாம். என்னைவிட ஒழுங்காகச் செய்கிற ஆள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னால் நின்றவர் சிரிக்கத் தயாரான முகத்தோடு நின்றார். சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர், வாத்தியார் என்ன சொல்லப் போகிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு, ரஸ்க்கா? அவனை அடுப்பு முன்னால நாள் முழுக்க நிக்க வைக்கலாம் சிஸ்டர். எக்சர்சைஸ்னு சொன்னீங்கன்னா உப்பின மாவு மாதிரி அப்படியே உக்காந்துருவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தார்; சிரித்துக்கொண்டே, "அப்ப சரி" என்று தலையாட்டினார்.

அந்த "அப்ப சரி" வாத்தியாருக்குக் கேட்டது. அதன் அர்த்தமும் விளங்கியது. விளையாட்டுக்குச் சொன்னேன் சிஸ்டர் என்று ஒரு வார்த்தை சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நாக்கு நுனியில் இருந்த வார்த்தை அங்கேயே இருந்துவிட்டது. சிஸ்டர் அடுத்தவரிடம் பேசப் போய்விட்டார். லிப்டில் இறங்கும்போது மகள், "உங்களுக்குத்தான்பா கட்டில், பாருங்களேன்" என்றாள். அவர் மேலே ஓடுகிற எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு நாலாவது மாடி, ரஸ்க்குக்கு இரண்டாவது மாடிப் பொது வார்டு என்று தகவல் வந்தபோது, ரஸ்க் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "எங்க படுத்தா என்ன அண்ணே? அதே டாக்டர், அதே கத்தி" என்றார்.

அறுவை நடந்தது வெள்ளிக்கிழமை. வாத்தியாரை முதல் ஆளாகக் கூட்டிப்போனார்கள். அதிகாலையில்கூடத் தண்ணீர் குடிக்க விட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரக்க வைத்து, தொடையில் தனியாக ஓர் ஊசியும் போட்டார்கள். டாக்டர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டபடி, தச்சுப்பட்டறையில் தூங்குகிறவர் மாதிரிப் படுத்திருந்தார். மாலையில் பிசியோ வந்து, "எழுந்திருங்க வாத்தியாரே, வண்டியை எடுங்க" என்றார். வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. மனைவி அழுதேவிட்டாள்.

கீழே ரஸ்க்கின் முறை வரவேயில்லை. முந்தின நாள் சாப்பாட்டோடு சரி, தொண்டையில் பொட்டுத் தண்ணீர் இறங்காமல், அவசரக் கேஸ் ஒன்று உள்ளே போக, இன்னொன்று போக, வெயில் சாய்ந்த பிறகுதான் தள்ளுவண்டி வந்தது. முழு மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். அறுவை நன்றாகவே நடந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் விழித்ததிலிருந்து வலி. வலிக்கு ஊசி போட்டால் வாந்தி. அந்த மாடி முழுவதற்கும் பிசியோ ஒருவர்தான். அவர் சனிக்கிழமை வந்து பார்த்தபோது ரஸ்க் தலை தூக்க முடியாமல் கிடந்தார். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றார். நாளை என்பது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை.

திங்கட்கிழமை காலை வாத்தியார் வாக்கரோடு லிப்டில் இறங்கி, சகலைக்கு வேடிக்கை காட்டலாம் என்று இரண்டாவது மாடிக்கு வந்தார். நீளமான வார்டு. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். ஜன்னலோரம் ரஸ்க் படுத்திருந்தார். முட்டிக்கு அடியில் தலையணையை மடித்து வைத்திருந்தார்கள். முட்டிக்கு அடியில் எதுவும் வைக்கக் கூடாது, கால் நீட்ட வராமல் போய்விடும் என்பது முதல் வகுப்பிலேயே சிஸ்டர் அழுத்திச் சொன்னது.

"தலையணையை யார் வச்சது?"

"நான்தான் மாமா வச்சேன்" என்றாள் மைத்துனி. "வலிக்குதுன்னு துடிச்சாரு. வச்சா கொஞ்சம் சுகமா இருக்குன்னாரு. ஏன், வைக்கக் கூடாதா? யாரும் சொல்லலையே."

ரஸ்க் கண்ணைத் திறந்து வாத்தியாரை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். நிற்கிற கால், நடந்து வந்த தூரம், சீவிய தலை.

"அட, நடந்தே வந்துட்டீங்களா! குடுத்து வச்சவர் அண்ணே நீங்க" என்றார். உதடு வெடித்திருந்தது. பரிகாசம் ஒன்றும் இல்லை. மனதாரச் சொன்னார்.

வாத்தியார் அன்று ஒரு வேடிக்கையும் பேசவில்லை. மேலே வந்து சிஸ்டரைத் தேடிப் போனார். சிஸ்டர் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அன்னிக்கு என் சகலையைப் பத்தி ஒண்ணு சொன்னேனே... அது பொய். அவன் தினமும் செஞ்சான். என்னைவிட நல்லா செஞ்சான். நான் சும்மா சிரிக்கறதுக்காகச் சொன்னேன்."

சிஸ்டர் மடிப்பதை நிறுத்தினார். கோபப்படுவார் என்று வாத்தியார் எதிர்பார்த்தார். அவர் கோபப்படவில்லை.

"அவர் வீடு மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. சம்சாரமும் வேலைக்குப் போறவங்க. அதையெல்லாம் நாங்க பார்ப்போம் வாத்தியாரே. இங்க எடுக்கறவங்க நல்லா நடந்து வீட்டுக்குப் போறாங்கன்னு மேலிடத்துல காட்டினாத்தான் கட்டில் கூட்டித் தருவாங்க. அதனால நல்லா வரக்கூடியவங்களாப் பார்த்து எடுக்கறோம். யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்க கீழயே இருந்துடறாங்க. இது எனக்குத் தெரியாம இல்ல."

"அப்ப நான் சொன்னதால இல்லையா?"

சிஸ்டர் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். "இல்லைன்னு சொல்லி உங்களை அனுப்பிடலாம். ஆனா நீங்க அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, இன்னொரு தடவை அவருக்குப் போன் பண்ணியிருப்பேன். அது நிச்சயம்."

அந்த ஒரு போன் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போன பிறகும் விடவில்லை. வாரங்கள் போகப் போக அவர் முட்டி நன்றாக மடங்கியது. மாடி ஏறினார், மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பார்த்தவர்கள் எல்லாம் "அடேயப்பா, ஆளே மாறிட்டீங்களே!" என்றார்கள். ஒவ்வொரு பாராட்டும் திருட்டுச் சாமானைக் கையில் கொடுத்தது போல இருந்தது. வேலை முடிந்ததும் நேரே ரஸ்க் வீட்டுக்குப் போவார். மூன்று மாடி ஏறுவார். படியில் வலிக்காததே அவருக்கு உறுத்தியது. "வா சகலை, மடக்கு" என்று உட்கார்த்தி வைத்துக் காலைப் பிடிப்பார். ரஸ்க் பல்லைக் கடித்துக்கொண்டு முயற்சி செய்வார். முட்டி ஓர் அளவுக்கு மேல் மடங்காது. துருப்பிடித்த கதவு மாதிரி அங்கேயே நின்றுவிடும். உள்ளே தழும்பு இறுகிவிட்டது என்றார் டாக்டர். காலை விறைப்பாக நீட்டியபடி ரஸ்க் நடந்தார். அடுப்பின் கீழ்த்தட்டுக்குக் குனிய முடியாது. பேக்கரியில் வேறொரு மாஸ்டரை வைத்துவிட்டார்கள்.

"தினமும் வந்து கஷ்டப்படறீங்க மாமா. சொந்த அண்ணன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்றாள் மைத்துனி ஒருநாள். வாத்தியார் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறிற்று.

சொல்லிவிட வேண்டும் என்று அவர் நினைக்காத நாள் இல்லை. படியேறும்போது சொல்லிவிடுவதாக இருக்கும். உள்ளே போய் அந்த நீட்டிய காலைப் பார்த்ததும், இதைச் சொல்லி இவனுக்கு என்ன ஆகப்போகிறது, என் பாரத்தை இறக்கத்தானே என்று தோன்றும். அது நியாயமாகவும் பட்டது, கோழைத்தனமாகவும் பட்டது.

கடைசியில் அவர் சொல்லவில்லை. மகள் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் ரஸ்க் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. வீட்டின் இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று அந்தப் பெண் நினைத்தாள் போலும்.

"சித்தப்பா, எங்கப்பா உங்களைப் பத்தி கிளாஸ்ல என்ன சொன்னாரு தெரியுமா? சிஸ்டர், உங்க சகலை எக்சர்சைஸ் செய்வாரான்னு கேட்டாங்க. உப்பின மாவு மாதிரி உக்காந்துருவான்னாரு! கிளாஸே சிரிச்சுது!"

முதலில் சிரித்தவர் ரஸ்க். "மாவா? பரவாயில்ல, நல்லா உப்பிச்சா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த முகத்தில் சிரிப்பு மெதுவாக நின்றது. "சிஸ்டர் எதுக்குக் கேட்டாங்க?" என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கும் விளங்கியது. அப்பாவைப் பார்த்தாள்.

வாத்தியார் சொன்னார். "ஒரு கட்டில்தான் இருந்துது. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குன்னு கேட்டாங்க. நீ செய்யறது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அப்படிச் சொன்னேன். திருத்தியிருக்கலாம். திருத்தல."

மைத்துனி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை. அக்கா எழுந்து பின்னால் போனாள். "நீ போக்கா, என்னைக் கொஞ்ச நேரம் விடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ரஸ்க் நீட்டியிருந்த காலைக் கையால் தூக்கி வைத்து வசதி செய்துகொண்டார். "கட்டில் ஒண்ணுதான்னா யாராவது ஒருத்தர் கீழே படுத்துத்தானே ஆகணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "கேட்டிருந்தா நானே உங்களுக்கு விட்டுக் குடுத்திருப்பேன். கேட்டிருக்கலாம் அண்ணே" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. வாத்தியார் படியிறங்கும்போது அந்தக் கடைசி வார்த்தையே காதில் இருந்தது.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். இறுகிய முட்டியை மயக்கம் கொடுத்து டாக்டரே மடக்கிவிடலாம், ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு, அதன்பின் உடனுக்குடன் பயிற்சி கொடுக்காவிட்டால் பழையபடி இறுகிவிடும் என்றார்கள். அதாவது, அதற்கு நடை வார்டு வேண்டும். வாத்தியார் சிஸ்டரை விடவில்லை. லிப்ட் வாசலில் நின்றார், கான்டீன் வாசலில் நின்றார். மகளும் டாக்டரின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். "இந்த அப்பாவையும் பொண்ணையும் என்ன பண்றது!" என்று சிஸ்டர் அலுத்துக்கொண்டார். ஒரு வழியாகக் கட்டில் கிடைத்தது.

டாக்டர் முட்டியை மடக்கினார். அதே ஊசி, அதே மரப்பு, அதே பிசியோ. அன்று பிற்பகலே ரஸ்க்கின் கால் அதுவரை போகாத தூரம் போயிற்று. கட்டிலோரத்தில் உட்கார்ந்து தன் காலையே புதிதாய்ப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக மைத்துனி வாத்தியாரிடம் ஒரு வார்த்தை பேசினாள். "தண்ணி வேணுமா?" அவ்வளவுதான். அவருக்கு அதுவே பெரிதாக இருந்தது.

தண்ணீர் பிடிக்கத் தானே பாட்டிலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தவர், இரண்டு பணியாளர்கள் தள்ளுவண்டியோடு லிப்டுக்காக நிற்பதைப் பார்த்தார். வண்டியில் கனத்த உடம்புள்ள ஓர் அம்மாள். ஒருவர் சொன்னார்: "இவங்க இங்கதான்னு சொன்னாங்களே?" "கட்டில் மாறிடுச்சாம். ரெண்டாவதுக்குக் கொண்டுபோகச் சொன்னாங்க." லிப்ட் திறந்தது. மூடியது.

வாத்தியார் பாட்டில் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றார். பிறகு படி வழியாகவே இரண்டாவது மாடிக்கு இறங்கினார். அந்த அம்மாள் வாசலுக்கு அருகிலிருந்த கட்டிலில் படுத்திருந்தார். துணைக்கு யாரும் இல்லை. முட்டியில் கட்டு.

"நீங்க டாக்டருங்களா?" என்றார் அம்மாள்.

"இல்லம்மா. நான் கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறவன்."

அந்த அம்மாள் அந்த வலியிலும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எனக்கும் முட்டி மாத்தினாங்க" என்று அவசரமாகச் சொன்னார் வாத்தியார். "அடியில தலையணை வைக்காதீங்க. யார் வச்சாலும் எடுத்துடுங்க. பாதத்தை இப்படி மேலயும் கீழயும் ஆட்டுங்க. முடிஞ்சப்பல்லாம் ஆட்டுங்க. தொடையை இறுக்கி, விடுங்க. வலிக்கும். பரவாயில்ல."

"மேலதான் போடறதா இருந்துதாம். அங்கதான் நல்லா நடக்க விடுவாங்களாமே" என்றார் அம்மாள். "யாரோ வேண்டப்பட்டவங்க வந்துட்டாங்களாம்."

பாதத்தை எப்படி ஆட்டுவது என்று வாத்தியார் தன் காலைத் தூக்கி இன்னொரு தடவை காட்டினார். அதற்குள் பணியாளர் ஒருவர் வந்து, பார்வையாளர் நேரம் இல்லை என்று விரட்டிவிட்டார்.

மேலே வந்ததும் ரஸ்க், "தண்ணி பிடிக்கக் கிணறு தோண்டப் போனீங்களா?" என்று கேட்டார். வெகு நாளைக்குப் பிறகு வந்த வேடிக்கைப் பேச்சு. வாத்தியார் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, கீழே பார்த்ததைச் சொன்னார். உனக்குக் கிடைத்தது அந்த அம்மாளுடைய கட்டில் என்றார்.

ரஸ்க்கின் முகம் சிவந்தது. அத்தனை நாளும் வராத கோபம் அப்போது வந்தது.

"அதை எதுக்குண்ணே என்கிட்ட சொல்றீங்க? உங்க மனசு தாங்கலைன்னா நீங்க வச்சுக்குங்க. என்னை நிம்மதியா காலை மடக்க விடுங்க."

வாத்தியார் எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டார். ரஸ்க் சொன்னது சரிதான் என்று பட்டது.

ரஸ்க்கின் முட்டி முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் படியேறும் அளவுக்கு வந்தது. அடுப்பு வேலை வேறொருவருக்குப் போனது போனதுதான். பேக்கரியில் உயரமான முக்காலி ஒன்று போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே மாவை வெட்டி உருட்டிக் கொடுக்கிறார். அடுப்பு மாஸ்டராக இருந்தவருக்கு அது இறக்கம்தான். அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டு குடும்பங்களும் போக வர இருக்கின்றன. மைத்துனி வாத்தியாருக்குச் சாப்பாடு பரிமாறுகிறாள், முகம் பார்த்துப் பேசுகிறாள். ஆனால் அவர் வேடிக்கை பேசினால் மட்டும் அவள் சிரிப்பதில்லை.

வகுப்பை ஞாயிறு பிற்பகலிலும் வைக்க வேண்டும் என்று சிஸ்டர் மேலிடத்தில் கேட்டிருக்கிறாராம். இன்னும் பதில் வரவில்லை. வாத்தியார் அவ்வப்போது போய் அது என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறார். போகும்போது இரண்டாவது மாடியில் இறங்கி, வாசலில் இருந்தபடியே வார்டை ஒரு நோட்டம் பார்ப்பார். அந்த அம்மாள் எப்படி வீட்டுக்குப் போனார், நடந்தா, நாற்காலியிலா என்று அவருக்குத் தெரியாது. பெயர் கேட்டுவைக்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லக்கூடும் என்று தெரிந்தும், இதுவரை கேட்கவில்லை.